கம்பசுக்குள் ஓர் இடம்: புது பட்ச் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, திருநெல்வேலியில், போடிங் பிள்ளைகள் இருக்கிற வீடு எங்களுடையது. நானும் இதே கம்பசில் படித்தவள். பின்னேரங்களில் முதலாம் வருடத்தாருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். புது பட்ச் வந்து ஒரு மாதம் ஆகுமுன்னமே, இராச்சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஒருவர் குசினி வாசலில் நிற்பார். "அன்ரி, ஒண்டு கேக்கவோ?" கேட்பது அநேகமாகப் போன வருடம் வேறொருவர் கேட்டதாகத்தான் இருக்கும்.

அப்படிக் கேட்டவற்றை அவரவர் வாய்ப்பேச்சிலேயே கீழே எழுதியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றிவிட்டேன். நான் உளவளத்துணை படித்தவள் அல்ல. அது தேவைப்படும் இடத்தில் அதற்குரிய ஆட்களைக் காட்டியிருக்கிறேன்.

"வந்து ஒரு மாசம். எல்லாரும் செட் ஆயிட்டினம், நான் மட்டும் தனிய நிக்கிறன். என்னிலதான் ஏதும் பிழையோ?"

இல்லை. நீங்கள் பார்க்கிற செட்டுகளில் முக்கால்வாசி கம்பசுக்கு வருமுன்னமே இருந்தவை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரியூசன், ஒரே பஸ். அவர்கள் இந்த ஒரு மாதத்தில் புதிதாக ஒருவரையும் சம்பாதிக்கவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களோடு சேர்ந்து வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒருவரையும் தெரியாமல் வந்த உங்களுக்குக் கணக்குச் சைபரில் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

முதல் செமஸ்டர் கூட்டங்கள் நிலைப்பதும் குறைவு. பாடத் தெரிவு மாறும், செய்முறைக் குழு மாறும், விடுதி அறை மாறும். பயத்தில் ஒட்டிக்கொண்டவர்கள் பயம் தெளிந்ததும் அவரவர் வழியில் போவார்கள். ஆகவே ஒரு மாதத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் தனிமையோடு சேர்த்து நித்திரையும் சாப்பாடும் போய்விட்டதென்றால் அது வேறு விசயம். அதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

"அப்ப நான் ஆரோட சேர்றது? எப்பிடிப் பிடிக்கிறது?"

பிடிக்கப் போனவர்களுக்குக் கிடைத்ததை நான் அதிகம் காணவில்லை. கன்ரீனில் ஒரு மேசையாகப் பார்த்து, "நானும் இருக்கட்டோ?" என்று கேட்டு இருந்தால் அன்றைக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். மறுநாள் திரும்பவும் கேட்க வேண்டியிருக்கும். சேர்ந்து ஒரு வேலை செய்கிற இடத்துக்குப் போங்கள். இரத்ததான முகாம், நாடகத்துக்கு மேடை கட்டுவது, பொங்கல், ஒளிவிழா, கரப்பந்து, விரிவுரைக் குறிப்பைத் தட்டச்சுச் செய்து எல்லோருக்கும் அனுப்புவது, எதுவானாலும் சரி. கையில் வேலை இருக்கும்போது கதைக்க விசயம் தேட வேண்டியதில்லை.

எங்கள் போடிங்கில் வன்னியிலிருந்து வந்த ஒரு பெடியன் இருந்தான். ஒரு கேள்விக்கு ஒரு சொல் பதில். வாணி விழாவுக்கு முதல் நாள் மண்டபத்தில் குருத்தோலைக் கட்டு வந்து இறங்கியிருக்கிறது. ரவுண் பெடியளுக்குத் தோரணம் பின்னத் தெரியாது, ஓலையைக் கிழித்துக் கிழித்து வீணாக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இவன் ஒன்றும் பேசாமல் சப்பாணி கட்டி இருந்து, ஈர்க்கை நகத்தால் வகிர்ந்து, மடித்து, கிளி மாதிரி ஒன்றைச் செய்து பக்கத்தில் வைத்தானாம். பொழுதுபடுவதற்குள் அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஓலையும் கையுமாக. அவன் பிறகும் பெரிதாகப் பேசத் தொடங்கவில்லை. ஆனால் "அவன் எங்க, சாப்பிட்டானோ?" என்று கேட்க ஆட்கள் வந்தார்கள். இடம் கிடைப்பது என்று நான் சொல்வது இதைத்தான். கலகலப்பான ஆளாக மாற வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

"நான் முல்லைத்தீவில சின்னப் பள்ளிக்கூடம். இங்க வேம்படி, ஹின்டு, சென்ரல், சென் ஜோன்ஸ் எண்டு அவை கதைக்கேக்க வாய் திறக்கேலாமக் கிடக்கு. கோட்டாவில வந்தனீர்தானே எண்டு ஒருத்தர் சொல்லியும் போட்டார்."

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் என்பது சாகும்வரைக்கும் கழற்றாத சட்டை. பெரும் சமர் கிரிக்கெட்டுக்கு மணியடித்துக்கொண்டு போகிற தாத்தாமாரைப் பார்த்தால் விளங்கும். அதில் ஒரு அழகும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் நீங்கள் இல்லை என்பதால் கம்பசுக்குள்ளும் இல்லை என்று ஆகாது.

கோட்டாக் கதைக்கு வருவோம். இலங்கையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதி நடப்பது இப்படி: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரித்த ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த மாவட்டங்களுக்கு. முதல் 40க்குள் வராத எல்லோரும், ரவுணிலுள்ள பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட, ஏதோ ஒரு மாவட்டக் கணக்கில் வந்தவர்கள்தான். உங்களைச் சொன்னவர் எந்தக் கதவால் வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் விட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். ஆய்வுகூடத்தில் சில கருவிகளை நீங்கள் முதன்முதல் காண்பீர்கள், அது உண்மை. அதை இரண்டு பின்னேரம் கூட நின்று பழகிவிடலாம். முதல் செமஸ்டர்ப் பெறுபேறு பலகையில், கம்பசுக்கு எடுபட்ட ஏ.எல் இசட் புள்ளியை ஒருவரும் போடுவதில்லை.

"இங்கிலீசில கேள்வி கேக்கப் பயம். பிழையாக் கதைச்சாச் சிரிப்பினம்."

விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் அந்த வகுப்பிலிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் ஏ.எல் வரை தமிழில் படித்தவர்கள். சிரிப்பவருக்கும் வயிற்றுக்குள் அதே பயம். கேள்வியைத் துண்டில் எழுதி வாசியுங்கள், அல்லது விரிவுரை முடிய முன்னுக்குப் போய்த் தமிழில் கேளுங்கள். தமிழ் விரிவுரையாளர் ஒருவரும் அதற்காகக் கோபித்ததாக என் பிள்ளைகள் சொன்னதில்லை.

"பிறந்தநாள் எண்டா பட்சுக்கு ட்ரீட் குடுக்கோணுமாம். அப்பா கடற்தொழில். மகாபொலவும் இன்னும் வரேல்லை."

கொடுக்க வேண்டாம். மகாபொல உதவிப்பணம் முதல் வருடத்தில் பிந்தி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆகவே "காசு இல்லை" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தரம் முகம் பார்த்துச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு தரமும் தலையிடி, காய்ச்சல் என்று ஒளித்துக்கொண்டு திரிந்தால்தான் "இவர் எங்களோட சேரமாட்டார்" என்ற பெயர் வரும். அந்தப் பெயரை அழிக்க ட்ரீட்டை விடக் கூடச் செலவாகும். கடன் வாங்கிப் பீட்சா கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், அந்த மாதப் போடிங் காசு பிந்தும்போது.

"சீனியர்மார் சொல்லுற மாதிரி நடந்தாத்தான் பட்சுக்குள்ள எடுப்பினமாம். இல்லாட்டி அன்ரி-ராக் எண்டு ஒதுக்குவினமாம். உண்மையோ?"

பகிடிவதைக்கு அடங்காதவரைத்தான் அன்ரி-ராக் என்பது. ஒதுக்கப் பார்ப்பார்கள், உண்மை. இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எல்லாப் பீடத்திலும் ஒரேமாதிரி இல்லை, எல்லாச் சீனியரும் ஒரேமாதிரியும் இல்லை. ஆனால் என்ன சேர்ட் போடுவது, எந்தப் பாதையால் நடப்பது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தொடங்கி, நடுச்சாமத்தில் வட்ஸ்அப் வீடியோவில் கமராவைப் போடு என்பதுவரை போகும். கேட்டால் "பட்ச் ஒற்றுமைக்குத்தான்" என்பார்கள். ஒன்றாக அவமானப்பட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்வார்கள் என்பது சரிதான். அந்த ஒட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்று முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். பகிடிவதை செய்தால் இரண்டு வருடம்வரை மறியல். பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து வருடம்வரை. "சும்மா பகிடி" என்று ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் கிடையாது.

ஒதுக்கினால் எதை இழப்பீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சீனியர் பாடம் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்பு, பழைய வினாத்தாள், பட்ச் ட்ரிப், சில மாதத்துக்குச் சில முகங்கள். இழக்காதவை: விரிவுரை, பரீட்சை, விடுதி, மகாபொல, நூலகம், பட்டம். வினாத்தாளை நூலகத்தில் எடுக்கலாம். குப்பி எடுக்க, அடங்கிப் போகாத வேறு சீனியர் ஒருவர் எல்லாப் பீடத்திலும் இருப்பார், சத்தம் போடாமல் இருப்பார், தேட வேண்டும். முகங்கள் போவது நோகும். அதற்கு என்னிடம் மருந்தில்லை. உங்களைப்போல் மறுத்த இரண்டு பேரைக் கண்டுபிடித்தால் அந்த நோவு பாதியாகும், இதைப் பல தரம் கண்டிருக்கிறேன்.

"முறைப்பாடு குடுத்தா என்ர பேர் வெளியில வந்திடாதோ?"

வரலாம். அதனால் முதலில் சேமியுங்கள். செய்தி, அழைப்பு நேரம், குரல் பதிவு, யார் யார் நின்றார்கள், எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பிறகு உங்களுக்கு நம்பிக்கையான ஒரு விரிவுரையாளர். மாணவ ஆலோசகர்களாகப் பெயர் குறித்தவர்கள் ஒவ்வொரு பீடத்திலும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரானால் இன்னும் நல்லது. அவர் அசையாவிட்டால் பீடாதிபதி, துணைவேந்தர். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் நேரே முறையிடலாம். அடி, பாலியல் தொந்தரவு என்றால் இந்த வரிசை ஒன்றும் வேண்டாம், நேராகப் பொலிஸ்.

"நான் ஹட்டன். நான் பேசினா சிரிக்கிறாங்க. இவங்க மாதிரி பேசப் பழகணுமா?"

பழக வேண்டும் என்று முயற்சி செய்யாதீர்கள். நாலு வருடம் இருந்தால் "ஓம்" தானாக வாயில் வரும். ஊருக்குப் போனதும் அம்மா சிரிப்பா. வலிந்து பேசினால் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். மட்டக்களப்புப் பிள்ளைகள் "மறுகா" என்றால் இங்கே ஒரு சிரிப்பு, எங்கள் ஆட்கள் "பேந்து" என்றால் அங்கே ஒரு சிரிப்பு. அந்த அளவில் நின்றால் நீங்களும் சிரித்துவிட்டு, அவர்களுடைய பேச்சைப் போட்டுக் காட்டுங்கள். பாதிப் பேர் அதோடு நண்பர்களாகிவிடுவார்கள்.

"தோட்டக்காட்டான்" என்ற சொல் வந்தால் அது பகிடி இல்லை, மலையகத் தமிழரை இழித்துச் சொல்லும் வசை. அந்த இடத்திலேயே, "அந்தச் சொல் சொல்லாதீங்க" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன்: அதைச் சொல்ல வேண்டியது முதலில் நீங்கள். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பிள்ளை அவர். 1958, 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கிளிநொச்சிப் பெடியன் என்று நீங்கள் தோளில் கை போடுகிறவனின் அம்மம்மா கொழுந்து பறித்தவவாக இருக்கலாம்.

"எங்கட உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 90ல புத்தளத்துக்குப் போனவங்க. நான் இங்க விருந்தாளியா, ஊர்க்காரியா?"

ஊர்க்காரி. 1990 ஒக்ரோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அது எங்கள் ஊரில் நடந்தது, எங்கள் கண் முன்னால் நடந்தது. இதைக் கதைக்க இங்கே பலருக்கு இன்னும் நாக்கு எழும்பாது. உங்களை அன்பாக நடத்துகிறவர்கள்கூட இந்தக் கதை வந்ததும் வானத்தைப் பார்ப்பார்கள். அதை உங்கள் மேலுள்ள வெறுப்பென்று எடுக்க வேண்டாம். அவர்களுக்காக நீங்கள் அதைக் கதைக்காமல் விடவும் வேண்டாம்.

நடைமுறைக்கு வந்தால், வளாகத்துக்குள் பரமேஸ்வரன் கோயில் இருப்பது, இந்த இடம் சேர் பொன். இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியாக இருந்ததனால். 1974இல் அந்தக் கட்டடங்களில்தான் வளாகம் தொடங்கியது. ஆகவே பல நிகழ்ச்சிகள் குத்துவிளக்கோடும் தேவாரத்தோடும் தொடங்கும். எழும்பி நின்றால் போதும், ஒருவரும் பாடச் சொல்வதில்லை. நோன்பு காலத்தில் பரீட்சை நேரசூசி இடித்தால் வாயைத் திறந்து கேளுங்கள். ஒரு பின்னேரம் சோனகத் தெருப் பக்கம், ஒஸ்மானியாக் கல்லூரி தாண்டி நடந்து பாருங்கள். உம்மம்மாவின் பெயரைச் சொன்னால் "அவவின்ர பேத்தியோ!" என்று கதிரை போடத் திரும்பி வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

"'ஊர் எது?' எண்டு கேக்கினம். சொன்னா, 'அங்க எவடம்?' எண்டு கேக்கினம். இது என்னத்துக்கெண்டு எனக்கு விளங்குது அன்ரி. என்ன சொல்ல?"

எனக்கும் விளங்குகிறது. பூசி மெழுகப் போவதில்லை. "ஊர் எது" என்பது எங்கள் ஆட்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி. அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கேள்வி "அங்க எவடம்". அதுவும் சிலவேளை சும்மாதான், மச்சாள் வீடு பக்கத்திலிருக்கும். மூன்றாவது, "எந்தக் கோயிலடி?" நாலாவது, "அப்பா என்ன செய்யிறவர்?" இந்த நாலும் இதே வரிசையில் வந்தால் அவர் உங்கள் முகவரி எழுதவில்லை, சாதி பார்க்கிறார். தன் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லாமலே பார்த்து முடித்துவிட முடியும் என்பதுதான் இந்தக் கேள்விகளின் கெட்டித்தனம்.

என்ன சொல்வது என்பது உங்கள் தெரிவு. ஊரோடு நிறுத்திக்கொண்டு, "நீங்கள் எவடம்?" என்று திருப்பிக் கேட்கலாம். "ஏன் கேக்கிறீங்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம், நிறையப் பேர் அதோடு வழுக்கிவிடுவார்கள். அல்லது எங்கள் போடிங்கில் இருந்த ஒரு பிள்ளை செய்ததுபோல் செய்யலாம். முழு விபரத்தையும், கோயில் பெயர், அப்பாவின் தொழில், தெருவின் பெயர், எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிட்டு, "வேற ஏதும் தெரியோணுமோ அண்ணா?" என்று நின்றாள். கேட்டவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். எல்லோருக்கும் அது ஏலாது, ஏலவேண்டும் என்றும் இல்லை. பொய் ஊர் சொல்வதை மட்டும் நான் ஊக்குவிக்க மாட்டேன். அந்தப் பொய்யை நாலு வருடம் காவல் காக்க வேண்டும். ஊரிலிருந்து அப்பா சாப்பாட்டுப் பார்சலோடு கேற்றடியில் வந்து நிற்கும் நாளில் அவரை ஒளிக்க வேண்டி வரும்.

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சட்டம் வந்து பதினொரு வருடத்துக்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. இந்த வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி சாதியை எதிர்த்த முற்போக்கு எழுத்தாளர்களோடு நின்றவர், அவருடைய பெயரில் கலையரங்கும் வைத்திருக்கிறோம். அந்த அரங்கின் படியில் இருந்துகொண்டுதான் "எந்தக் கோயிலடி" என்று கேட்கிறோம். காதல், கலியாணம் என்று வரும்போது இந்தக் கேள்வி இன்னும் கூராகும், நல்லவர் என்று நினைத்தவர்களும் வழுக்குவார்கள். அப்போது நோவது உங்கள் குறையால் அல்ல.

"சிங்களப் பெடியளோட பழகினா எங்கட ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கினம். நினைவேந்தலுக்கும் போறனான். ரெண்டும் சேராதோ?"

ஏன் சேராது? 2016 யூலையில் விஞ்ஞான பீட வரவேற்பில் கண்டி நடனத்தைச் சேர்ப்பது பற்றி வந்த சண்டையையும், 2021 சனவரியில் வளாகத்துக்குள்ளிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடிரவாக இடித்ததையும் நேரில் கண்ட ஆட்களுக்கு மனதில் தழும்பு இருக்கும். அதை மதியுங்கள். ஆனால் மாத்தறையிலிருந்து வந்து தமிழ் தெரியாமல் திருநெல்வேலிச் சந்தையில் விரலைக் காட்டிக் காய்கறி வாங்கும் பிள்ளை அந்தத் தூபியை இடிக்கவில்லை. அவரோடு ஆய்வுகூடத்தில் நிற்கலாம், மே 18 அன்று விளக்கும் ஏற்றலாம். "நீ ஏன் போறனீ?" என்று அவர் கேட்டால் சொல்லுங்கள். பலருக்கு அதைச் சொல்லித்தர ஒருவரும் இருந்ததில்லை.

"எனக்குப் பெட்டையளில விருப்பம் வாறேல்லை. பெடியளிலதான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லாம இருக்கிறது பொய்யோ?"

பொய் இல்லை. உங்களைப் பற்றிய விபரம் உங்களுடைய சொத்து, யாருக்கு எப்போது என்று தீர்மானிப்பது நீங்கள். உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. இதை மாற்ற மருந்தோ, நேர்த்தியோ, கலியாணமோ இல்லை. கலியாணம் கட்டினால் சரியாகும் என்று யாரும் சொன்னால், கட்டப்போகிற பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய காரணங்களும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒரே பாலினர் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றைத் திருத்துவது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாழ்ப்பாணம் சின்ன ஊர், ஒரு வாயிலிருந்து வீட்டுக்கு எட்ட ஒரு நாள் போதும். ஆகவே முதலில் சொல்வது ஒரே ஒருவருக்கு. அவர் மற்றவர்களின் இரகசியத்தை உங்களிடம் அவிழ்க்கிறவராக இருந்தால் அவர் வேண்டாம். இப்படிப்பட்ட விசயம் பொதுவாகக் கதை வரும்போது அவர் என்ன சொல்கிறார் என்று சில நாள் கவனியுங்கள். எழுத்தில் அனுப்பாதீர்கள், வாயால் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் பால்புதுமையினரும் திருநரும் வெளிப்படையாக ஊர்வலம் போயிருக்கிறார்கள், நீங்கள் தனி ஆள் இல்லை.

"வீட்டில ஒராள், கம்பசில ஒராள். எது உண்மையான நான்?"

இரண்டும். கரவெட்டியில் அம்மாவுக்கு முன்னால் தாவணி மாதிரிச் சால்வையைச் சரிசெய்கிற பிள்ளையும், கலையரங்கில் நாடகத்தில் கத்தி நடிக்கிற பிள்ளையும் ஒரே ஆள்தான். ஒன்றை மற்றது தெரியாமல் காப்பாற்ற ஒவ்வொரு நாளும் பொய் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். நாடகத்துக்கு அம்மாவைக் கூப்பிடுவதில் தொடங்கலாம்.

"ரெண்டாம் செமஸ்டர். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை. இல்லாமப் போனா நல்லம் எண்டு வருது."

இதற்கு மேலேயுள்ள பதில்கள் ஒன்றும் போதாது. இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அறைத்தோழர், அக்கா, போடிங் அன்ரி, யாரானாலும் சரி. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போனால் பட்டத்தில் ஒன்றும் எழுத மாட்டார்கள். தனியப் போகப் பயமென்றால் யாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் போயிருக்கிறேன், வாங்கில் பக்கத்தில் இருந்து அதையும் இதையும் கதைத்துக்கொண்டு இருப்பதுதான் என் வேலை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: உங்கள் அறையில் ஒருவர் இரண்டு நாளாகக் கட்டிலால் இறங்கவில்லை என்றால் "மூட் சரியில்லையாக்கும்" என்று கடந்து போகாதீர்கள். நேராகவே கேளுங்கள்.

"இப்ப ரெண்டாம் வருசம். என்னை எல்லாரும் ஏற்றிட்டினம். ஆனா புதுப் பிள்ளையள் வந்தவுடன நாங்கள் 'எடுக்கோணும்' எண்டு பட்ச் நிக்குது. மாட்டன் எண்டா இவ்வளவு பாடுபட்டுக் கிடைச்ச பட்சே போயிடும்."

'எடுப்பது' என்றால் புதியவர்களுக்குப் பகிடிவதை செய்வது. இந்தப் பக்கத்தில் மிகக் கஷ்டமான கேள்வி இதுதான். முதலாம் வருடத்தில் மறுப்பவருக்கு இழக்க அதிகம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. சென்ற வருடம் உங்களோடு அழுதவன்தான் இப்போது "வாடா, ஒருக்கா" என்கிறான். அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: நான் பட்டது வீணாகப் போகக் கூடாது. அவனோடு நியாயம் பேசி வெல்ல ஏலாது, முயன்று பார்த்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பட்ச் வட்ஸ்அப் குழுவில் நீண்ட அறிக்கை போடுவதும் வேண்டாம். நடக்கிற இடத்துக்குப் போகாமல் விடுங்கள். கேட்டால், "எனக்கு அது சரிவராது மச்சான்" என்று ஒரு வரி. சட்டக் கணக்கும் மேலே இருக்கிறது, நின்று பார்த்துக்கொண்டிருந்தவரும் விசாரணைக்குப் போக வேண்டி வரும்.

சில பேர் உங்களை விட்டுப் போவார்கள். யார் விட்டுப் போகவில்லை என்று இரண்டு மாதத்தில் தெரியும். உங்களைத் தனியாக வந்து பார்த்து, "நானும் போகேல்லை" என்று மெதுவாகச் சொல்ல ஒருவராவது வருவார், அநேகமாக நீங்கள் எதிர்பாராதவர். அவரையும் சேர்த்துக்கொண்டு, புதுப் பிள்ளைகளுக்கு நிபந்தனை இல்லாத ஒரு குப்பி தொடங்குங்கள். கிழமையில் ஒரு பின்னேரம், நூலகத்துக்கு வெளியே, அவர்களுக்குக் கஷ்டமான பாடத்தில். பழைய வினாத்தாளைக் கொண்டுபோங்கள். முதல் நாள் இரண்டு பேர்தான் வருவார்கள், அதுவும் யாரும் பார்க்கிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. இரண்டாம் கிழமைக்கு என் வீட்டு விறாந்தையும் இருக்கிறது, மேசை, கதிரை, வெண்பலகை எல்லாம் உண்டு. ஏழு மணிக்கு முதல் முடிக்க வேண்டும், எனக்குப் புட்டு அவிக்க இருக்கிறது.